பத்து கழிக்கவும்

எதையும் நம்பாமல் இருப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதி முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கைகழுவிய பிறகு, எங்கே சரியில்லை என்று தோண்டி எடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் நெடுநாள் இருந்தால் புத்தியும் அப்படியே வளைந்துவிடும். ஆட்டோ மீட்டரிலிருந்து காய்கறிக்காரர் தராசு வரை எல்லாவற்றையும் ஒரு முறை முறைத்துப் பார்க்காமல் விட மாட்டேன். கீழ்வீட்டு அக்காவின் ஒயினுக்காகச் சர்க்கரையை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கியபோதும், முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும், பிறகுதான் ஒயின் என்று அடம்பிடித்தேன்.

கீழ்வீட்டு அக்காதான் என் வீட்டு ஓனர். அவரிடம் நான் வந்து சேர்ந்ததே ஒரு கதை. கணவரைப் பிரிந்து, இரண்டு பெட்டிகளோடு வீடு தேடி அலைந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். ஈஜிபுராவில் ஒருவர் கதவைத் திறப்பதற்கு முன்பே, "சார் எப்ப வருவாரு?" என்று கேட்டார். சார் வர மாட்டார் என்றதும் சாவி திரும்பவும் சட்டைப் பைக்குள் போய்விட்டது. இன்னொரு இடத்தில் வாடகை சொல்லி, அட்வான்ஸ் சொல்லி, கடைசியில், "ஃபேமிலிக்குத்தாம்மா குடுக்கறது" என்றார்கள். அப்போது நான் யார், பூனைக்குட்டியா? என் முகத்தைப் பார்த்ததும் மனதுக்குள் எதையோ கழித்துவிட்டு, மிச்சத்தோடுதான் பேசுவார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கழித்தலுக்கு நானும் பழகிப்போனேன்.

லிங்கராஜபுரத்தில் இந்த அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "போர் தண்ணி எப்பவும் வரும். காவேரி தண்ணி விடியகாலைலதான் விடுவாங்க. எழுந்து புடிச்சுக்குவியா?"

பிடித்துக்கொள்வேன் என்றேன். "அப்ப சரி, வந்துடு" என்றார். அவ்வளவுதான். படியேறி மேலே வந்து, பூட்டைத் திறந்து, காலியான ஹாலின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு டிபன் பாக்ஸ் வந்தது. உள்ளே எலுமிச்சைச் சாதம், அப்பளம். அந்த வீட்டில் அக்கா, பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர், அதாவது எனக்கு அண்ணன், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள் என்று மூன்று பேர். கத்தோலிக்கக் குடும்பம். மாடியில் நெற்றி நிறையத் திருநீறோடு நான். இதுநாள் வரை அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை.

அக்டோபர் வந்தால் அக்கா கிறிஸ்துமஸ் ஒயினுக்கு அடுப்படியை ஒதுக்கிவிடுவார். சிவாஜி நகர் மார்க்கெட்டிலிருந்து கறுப்புத் திராட்சை கூடை கூடையாக வரும். அதைக் கழுவி, மொட்டை மாடியில் வேட்டி விரித்து ஈரம் போகக் காயவைப்பார்கள். என் வாசலை ஒட்டித்தான் அந்த வேட்டி. காக்காய் விரட்டுவது என் பொறுப்பு. காய்ந்த பழத்தைக் கையால் பிசைந்து, பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை சேர்த்து, வாயைத் துணியால் கட்டிவிடுவார். தினமும் மரக்கரண்டியால் கிளறும்போது உள்ளேயிருந்து நுரை சலசலக்கும். நான் குடிப்பதில்லை. ஆனால் அந்த வாசனை படியேறி வந்தால் வேலையிலிருந்து கண்ணை எடுத்துவிடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்குத்தான் வினை. சர்க்கரை முழுவதும் ஒயினாக மாறுவதற்கு முன்பே அக்கா அவசரப்பட்டுப் பாட்டிலில் ஊற்றி, கார்க்கை இறுக அடித்து, துணி பீரோவின் அடித்தட்டில் அடுக்கிவிட்டார். மூடிய பாட்டிலுக்குள் மிச்சச் சர்க்கரை புளித்துக் காற்றாக ஊதியிருக்கிறது. எல்லாரும் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது பீரோவுக்குள் படபடவென்று வெடித்தது. நான் மேலேயிருந்து கேஸ் சிலிண்டர் என்று நினைத்து ஓடி வந்தேன். அண்ணன் தன் கல்யாணத்துக்குத் தைத்து, பொக்கிஷம்போல வைத்திருந்த கோட்டு, ரத்தக் காயம் பட்டதுபோலத் தொங்கியது. கோட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் அக்காவையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு அக்கா இன்னும் பயப்படுகிறார்.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து ஜனவரி கடைசியில் தேதி. கோயிலில் தாலி கட்டியானதும் மண்டபத்தில் கேக் வெட்டி, எல்லார் கையிலும் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் ஒயின் கொடுத்து, யாராவது ஒருவர் எழுந்து நாலு நல்ல வார்த்தை பேசி, மணமக்களை வாழ்த்திக் குடிப்பது அவர்களுடைய வழக்கம். டோஸ்ட் என்பார்கள். அந்த டம்ளரில் இருப்பது தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பெண் பிறந்த நாளிலிருந்து இருக்கும் ஆசை என்று என்னிடம் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. "கடையில வாங்கிக்கலாம். மண்டபத்துல வெடிச்சா யாரு மொகத்துல முழிக்கறது? சம்பந்தி வீட்டுக்காரங்க கோட்டு எல்லாம் வெள்ளக் கலரு."

"வெடிக்காதுன்னு நான் சோதிச்சு சொன்னா ஒத்துக்குவீங்களாண்ணா?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"நீ சொன்னா சரி" என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தை என் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், பெண்ணின் கல்யாணமே என் கையில் இருப்பதுபோல இருந்தது.

அப்படித்தான் ஆன்லைனில் ஹைட்ரோமீட்டர் வந்தது. சன்னமான கண்ணாடிக் குழல், அடியில் கனமான குண்டு, உள்ளே சுருட்டி ஒட்டிய காகிதத்தில் அளவுகள். கூடவே மிதக்கவிட ஓர் உயரமான ஜாடி. வெறும் தண்ணீரில் விட்டால் 1.000 என்ற கோடு வரை மூழ்க வேண்டும். நாங்கள் அதை ஆயிரம் என்றுதான் சொல்லுவோம். சர்க்கரை கரைந்திருந்தால் உயர மிதந்து ஆயிரத்து நூறு வரைகூடக் காட்டும். சர்க்கரை புளித்து ஒயினாக மாற மாற, குழல் கீழே இறங்கும். ஆயிரத்துக்கோ அதற்குக் கீழேயோ வந்தால் சர்க்கரை தீர்ந்தது, பாட்டிலை மூடலாம். விற்ற கடைக்காரரே ஒரு சீட்டில், உள்ளே காகிதம் நழுவியிருக்கக்கூடும், முதலில் வெறும் தண்ணீரில் சோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தக் கடைக்காரரைப் பிடித்துப்போயிற்று.

நான் ஜாடியைக் குழாயடிக்கு எடுத்துப்போனேன். அக்கா தடுத்தார். "இரு, இரு. புதுசா வந்த சாமான். மொதல்ல தீர்த்தத்துல படட்டும்."

அந்த வீட்டின் சட்டம் அது. புது ஃப்ரிட்ஜ், புது ஸ்கூட்டர், புது மிக்ஸி, எது வாசல்படி தாண்டினாலும் கோயிலில் மந்திரித்த தண்ணீர் தெளித்தாக வேண்டும். என் லேப்டாப்புக்குக்கூடத் தெளித்திருக்கிறார், நான் பதறிப்போய்த் துடைத்தேன். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பெரிய பாட்டிலில் தீர்த்தம் எப்போதும் இருக்கும். அக்கா அதை எடுத்துவந்து ஜாடி நிறைய ஊற்றி, சிலுவை போட்டு, "இப்ப உடு" என்றார். எனக்கும் அது வசதியாகவே பட்டது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறிக்கிடக்கும், குடத்தின் அடியில் வெள்ளை படியும். இதுவோ கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. எங்கள் ஊர்க் கோயில்களில் தீர்த்தம் என்றால் துளசியும் பச்சைக் கற்பூரமும்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவு.

குழலை இறக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ் போகச் சுழற்றிவிட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஆயிரத்துப் பத்து. துடைத்து மறுபடி விட்டேன். ஆயிரத்துப் பத்து. எத்தனை தடவை விட்டாலும் அதே பத்து.

"பாத்தீங்களா, கருவி தப்பு" என்றேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மலிவு விலையில் வந்தது, இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்துவிட்டது. ஆனால் தப்பிலும் ஓர் ஒழுங்கு இருந்தால் அது எங்கள் தொழிலில் பெரிய குற்றம் இல்லை. எப்போதும் பத்து கூட்டிச் சொல்கிறதா, நாம் பத்தைக் கழித்துக்கொண்டால் போயிற்று. ஒரு துண்டு வெள்ளை டேப்பில் 'பத்து கழிக்கவும்' என்று எழுதி ஜாடியில் ஒட்டினேன். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "படிச்சவ படிச்சவதான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த டேப் எங்கள் இருவருக்கும் வேதவாக்கு ஆகிவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்ததும் பீங்கான் ஜாடியிலிருந்து கொஞ்சம் மொண்டு, வடிகட்டி, மிதக்கவிடுவோம். அக்கா கரண்டியோடு நிற்க, நான் எண்ணைச் சொல்ல, இருவரும் பத்தைக் கழிப்போம். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் குழல் ஆயிரத்துப் பத்துக்கு இறங்கியது. பத்து போனால் ஆயிரம். "சர்க்கரை காலி அக்கா" என்றேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அன்றைக்கே பாட்டிலில் ஊற்றி, கார்க் அடித்து, மாதா பீடத்துக்குக் கீழே இருக்கும் மர அலமாரியில் அடுக்கினார். சோதித்தாயிற்று என்ற ஒரே வார்த்தைக்காக அண்ணன் வாய் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, கல்யாண வீட்டை மந்திரிக்க ஃபாதர் வந்தார். உறவுக்காரர்களால் ஹால் நிறைந்திருந்தது. நான் சமையலறை வாசலை ஒட்டிக் கடைசியில் நின்றேன். கல்யாண வீடுகளில் கடைசி வரிசை என் இடம் என்று ஆகிவிட்டது. என் தங்கை கல்யாணத்தில், மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் ஆரத்தித் தட்டை எடுத்தேன். என் பெரியம்மா ஒன்றும் சொல்லாமல், சிரித்த முகத்தோடு, தட்டை என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். சிரித்துவிட்டதால் அந்தத் தட்டு இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அன்றிலிருந்து யாரும் என் கையிலிருந்து எதையும் வாங்கும்படி வைப்பதில்லை, நானே தள்ளி நின்றுவிடுவேன்.

ஃபாதர் தண்ணீர் கேட்டார், ஒரு தட்டில் உப்பு கேட்டார். அக்கா என்னை உரசிக்கொண்டு உள்ளே போய், கல் உப்பை ஒரு தட்டில் கொண்டுபோனார். ஃபாதர் ஜெபித்துவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"போதாது ஃபாதர். எங்க வூட்டுக்குக் கண்ணு ஜாஸ்தி" என்று அக்கா மிச்ச உப்பை ஒரே கையாக அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

எனக்கு அந்த ஆயிரத்துப் பத்து ஞாபகம் வந்தது. தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் குழல் உயர மிதக்கும். சர்க்கரையா உப்பா என்று அதற்குத் தெரியாது. அதற்குள் எல்லாரும் பிரார்த்தனையில் இறங்கிவிட்டார்கள். ஃபாதர் ஒவ்வொரு புனிதர் பெயராகச் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூட்டம் ஒரே குரலில் பதில் சொன்னது. நான் நகர்ந்து நகர்ந்து அக்காவின் காதுக்குப் போனேன்.

"அக்கா, அந்தத் தீர்த்தத்துல எப்பவும் உப்பு போடுவாங்களா?"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். போடாம? எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"நம்ம ஹைட்ரோமீட்டர விட்டமே, அந்தப் பாட்டில்லயும்?"

"அதுல ரெண்டு கை போட்டிருப்பேன். எங்களுக்காக…"

அக்காவின் குரல் பாதியில் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் மாதா பீடத்தைப் பார்த்தோம். பீடத்தின் மேல் ஒரு தட்டில் கல்யாணப் புடவை. அதற்கு நேர் கீழே அலமாரியில் பாட்டில்கள். கருவி பொய் சொல்லவில்லை என்றால், ஒயினில் சர்க்கரை இன்னும் மிச்சம். அதை நாங்கள் இறுக மூடிவைத்திருக்கிறோம். அந்த வீட்டில் அன்று என்னைப்போல உருகி வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

ஜெபம் முடிந்து ஃபாதர் காபியைக் கையில் வாங்கியதும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் முதலில் புடவைத் தட்டை எடுத்து ஃபாதர் மடியில் வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோய், துண்டால் மூடிக் கார்க்கைத் திருகினார். கார்க் துண்டையும் தூக்கிக்கொண்டு பறந்து கூரையில் மோதியது. நுரை பொங்கி வழிந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஹாலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத்தான் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அக்கா நுரைத்த ஒயினைத் திரும்ப பீங்கான் ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கடையில் வாங்கச் சொல்லிவிடுவார் என்று அண்ணன் முகத்தையே பார்த்தார்.

அண்ணன் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டருக்கு ஊற்ற வாங்கிவைத்த பேட்டரி தண்ணீர் கேனை எடுத்துவந்தார். "இதுல ஒண்ணுமே கலந்திருக்காது. இதுல உட்டுப் பாரு."

ஜாடியைக் கழுவி, பேட்டரி தண்ணீர் ஊற்றி, குழலை விட்டேன். ஆயிரம். சமையலறைச் சூட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. நழுவாத காகிதம், பழுதில்லாத கண்ணாடி. அத்தனை நாளும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் பத்தைக் கழித்துக்கொண்டே இருந்தோம்.

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்றார் அண்ணன்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அக்கா சீறினார். "உப்பு போட்டது நானு. அந்தத் தண்ணில உடுன்னு சொன்னதும் நானு. அவ பாத்தத சொன்னா."

நான் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். விலையைப் பார்த்து, இதில் ஏதோ கோளாறு இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டியவள் நான். என்னைப் பார்த்து அப்படி முடிவு கட்டியவர்களை எத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டிக்கொண்டே, எனக்குள்ளும் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும் என்று நம்பியும் வந்திருக்கிறேன். என்னை இறக்கிப் பார்த்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. தொழில் என்னவோ சந்தேகப்படுவதுதான்.

அண்ணன் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இப்ப இது சொல்றது நிஜமா?"

"நிஜம்ணா."

"அப்ப ஆயிரத்துக்குக் கீழ எறங்கட்டும். எறங்கி அங்கயே நிக்கட்டும். அப்புறமா மூடலாம். கடையில வாங்கறத பத்தி அப்ப பாத்துக்கலாம்." அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜாடியின் வாயைத் துணியால் கட்டினார்.

அதற்குப் பிறகு அளக்கும் வேலையை அண்ணனே எடுத்துக்கொண்டார். காலையில் பல் துலக்கும் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் நான் மெட்ரோவில் இருக்கும்போது ஒரு தடவை. எனக்கு வாட்ஸப்பில் எண் மட்டும் வரும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் அலைச்சலிலும் அந்த எண் தவறவில்லை. குழல் ஆயிரத்தைத் தொட்டது, தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கியது, பிறகு அசையவில்லை. நாள் தவறாமல் ஒரே எண் வந்தது. கல்யாணத்துக்கு முன்தினம் அண்ணன் தன் கையாலேயே கார்க் அடித்தார். சர்க்கரை தீர்ந்துவிட்டதால் ஒயினில் இனிப்பும் போயிருந்தது. "அதனாலென்ன, மண்டபத்துல பாகு கலக்கிக்கறேன். ஒடனே குடிச்சிடப் போறாங்க, வெடிக்க டைம் ஏது?" என்றார் அக்கா. மறுநாள் மண்டபத்துக்குப் போகும் காரில் அண்ணன் பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பாட்டில்கூட முனகவில்லை.

மண்டபத்தில் நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில், ஃபேனுக்குக் கீழே ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். கேக் வெட்டினார்கள். மேடையில் மணமக்களுக்கு முன்னால் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் காலியாக இருந்தன. முதலில் அவர்களுக்கு ஊற்றுவது பெண் வீட்டு முறை. பெரிய கூஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா கூட்டத்தை அங்கும் இங்கும் துழாவினார். அவருடைய சகோதரிகள் முன்வரிசையில் பட்டுப்புடவையில் தயாராக நின்றார்கள். அக்கா மைக்கைப் பிடுங்கி, "மாடி வீட்டுப் பொண்ணு எங்க?" என்று கேட்டார்.

கூட்டம் முழுவதும் திரும்பியது. எழுந்து எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. கூஜாவை என் கையில் வைத்தார். எனக்குச் சட்டென்று பெரியம்மாவின் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று என் விரல்கள் தளர்ந்தே இருந்தன. "அக்கா, நானா? உங்க சொந்தக்காரங்க யாராவது…" என்றேன்.

"மொதல்ல அளந்தது நீதான. நீயே ஊத்து."

யாரும் வந்து வாங்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சின்ன வயதில் கையெழுத்து நோட்டில் எழுதியிருக்கிறேன். எனக்கு உப்பிட்டவர் யார் என்று கேட்டால், கை நிறைய அள்ளிப் போட்ட இந்த அக்காவைத்தான் சொல்வேன். மாப்பிள்ளையின் டம்ளரில் கால்வாசி ஊற்றினேன். மணப்பெண்ணின் டம்ளரிலும் அதே அளவுக்கு ஊற்றிவிட்டு, சிந்திவிடுமோ என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா என் முழங்கையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்தார். "பத்தெல்லாம் கழிக்காத. நிறைய ஊத்து" என்றார்.